குழாயடி வியர்வை

பதுளை ஸ்டேஷன் குழாயைத் திறந்து, மொஹிதீன் தன் சட்டைக் கழுத்தையும் அக்குளையும் பதமாக நனைத்துக்கொண்டார். நெற்றியில் மட்டும் நாலு துளி. கூடத் தெளித்தால் நடந்து வியர்த்தது போலத் தெரியாது, குளித்துவிட்டு வந்தது போலத் தெரியும். ஐம்பது நாள் பழக்கத்தில் அளவு கைக்கு வந்திருந்தது.

நாடு முழுக்கச் சீனிக்குக் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மொஹிதீனின் இரத்தத்தில் மட்டும் அது தாராளமாக இருந்தது. தினமும் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லி ஐந்து வருஷம் ஆகிறது. கடையை விட்டு நகர நேரமில்லை என்று அவரும் ஐந்து வருஷமாகத் தட்டிக் கழித்துவந்தார். மனைவி றஷீதாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அப்புறம் ஒரே மகள் காமிலா செங்கமாரிக் காமாலை கண்டு மௌத்தானாள். ஜனாஸா எடுத்த அன்று றஷீதா ஒரு தடவை அலறினாள். "சத்தம் போட்டு அழக் கூடாது, ஸப்று செய்" என்று மொஹிதீன் அதட்டினார். அன்று மூடிய வாய்தான். இவளைப் போலப் பொறுமை யாருக்கு வரும் என்று வந்தவர்களெல்லாம் மெச்சிவிட்டுப் போனார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சொந்தக்காரர்கள் பஸ் ஏறிய மறுநாளே அவள் நடைப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"விடிய ஸுபஹ் தொழுததும் ஸ்பிரிங்வெளி ரோட்டுல நடந்துட்டு வாங்க. அரை மணித்தியாலத்துக்கு முந்தி வரவேணாம்."

மழை என்றால் குடையை நீட்டினாள். கால் நோகிறது என்றால் தைலத்தை நீட்டினாள்.

நடந்து இனி என்ன ஆகப் போகிறது என்றிருந்தது மொஹிதீனுக்கு. பசி இல்லை, கோபம் இல்லை, கண்ணீர்கூட இல்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. அவளோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல் வெளியே வருவார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, கொழும்பு ரயில் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு குழாயடியில் வியர்த்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். றஷீதா பிளேன்டீ கொடுப்பாள். புகையில் அவள் கண்கள் சிவந்திருக்கும். வெயில் காலம் வந்தும் அந்த வீட்டு விறகு காயவே இல்லை.

அன்று குழாயை மூடித் திரும்பினால், சைக்கிளில் பேக்கரிப் பாணோடு நிற்கிறான் பக்கத்துக் கடைத் தையல்காரன் ஷுக்ரி.

"என்ன நானா, குழாய்த் தண்ணியிலயா வேர்க்குது?"

சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டான். பகல் தொழுகைக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதற்கு முன் தானே சொல்லிவிடுவது என்று மொஹிதீன் தீர்மானித்தார்.

கடைக்குப் பின்னால் ஓர் அறையும் குசினியும். வீடு அவ்வளவுதான். றஷீதா பிளேன்டீயை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"றஷீதா, நான் நடக்கல்ல. ஒரு நாளும் நடக்கல்ல. ஸ்டேஷன் பெஞ்சில குந்தியிருந்துட்டு வாறேன்."

ஏச்சு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை.

"இனிமே பொய்யும் வேணாம், நடையும் வேணாம். நாளைக்கி வீட்டுலயே இருக்கேன்."

"ஐயோ, வேணாம்!" கோப்பையோடு அவர் முன்னால் வந்து நின்றாள். "நீங்க போகணும்."

"சீனி கூடினா கூடிட்டுப் போகட்டும். உசிரோட இருந்து இனி நான் யாரைக் கட்டிக்குடுக்கப் போறேன்?"

"சீனிக்கில்ல..."

"அப்ப எதுக்கு?"

றஷீதா கோப்பையைக் கீழே வைத்தாள். மகள் போன நாளிலிருந்து அவள் அவரை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டாள்.

"காமிலாட வாப்பா, நீங்க நடக்காட்டியும் பரவால்ல. பெஞ்சிலயே இருங்க. அந்த அரை மணித்தியாலத்துலதான் நான் சத்தம் போட்டு அழுறேன்."