குயிலிடம் போன வழக்கு

உங்கள் வீட்டுச் சண்டையை ஒருவரிடம் கொண்டுபோகுமுன், அவர் வாழும் விதத்தை என்றாவது விசாரித்ததுண்டா?

நான்கு முட்டைகள் இட்ட பின்பும், ஒரு காகத் தம்பதிக்குள் கூட்டைப் பற்றிய சண்டை ஓயவில்லை.

"இரும்புக் கம்பியை வைத்துக் கட்டினால் குஞ்சுகளைக் குத்தாதா?" என்றது பெண் காகம்.

"உன் அப்பன் கட்டியது மட்டும் அரண்மனையோ?" என்றது ஆண் காகம்.

பேச்சின் இனிமையில் மயங்கி, இரண்டும் ஒரு பெண் குயிலிடம் ஆலோசனை கேட்டன.

"ஆளுக்கொரு மரத்தில் மூன்று நாள் தனித்திருங்கள். கூட்டின் பக்கமே போகாதீர்கள்," என்றது குயில்.

அன்று மாலையே, தனியாக அமர்ந்திருந்த பெண் காகத்திடம் காரணம் கேட்டறிந்த பக்கத்து மரத்து மைனா கொதித்துப்போனது.

"பிரிந்திருக்கச் சொன்ன அந்த மகராசி இதுவரை எத்தனை கூடு கட்டினாள்? எத்தனை முட்டைகளை அடைகாத்தாள்?"

"அதைக் கேட்கவில்லையே, அக்கா. அவள் பேச்சு அவ்வளவு கனிவாக இருந்தது."

"கனிவாம், கனிவு. அவள் இப்போது உன் கூட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உன் முட்டை ஒன்று மரத்தடியில் உடைந்து கிடக்கிறது. மீதி மூன்றுமாவது பிழைக்கட்டும். சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளுங்கள். புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டு கூட்டுக்குப் போ. நாளைக்கு என்று தள்ளாதே தாயே, இன்றே போ."