ஆறாவது கட்டம்

பேகம்பூர் தோல்ஷாப்பில் தோல் ஊறவைக்கும் தொட்டி ஐந்துதான். பெயின்டர் ராயப்பராஜ் கன்ட்ரோல் பலகையில் தொட்டிக்கொரு கட்டம் வரைந்து, நடுவில் சிவப்பு பல்பு மாட்டியிருந்தார். தொட்டி நிரம்பினால் பல்பு எரியும். ஆனால் தினமும் விடிந்து வந்து பார்த்தால் ஆறு கட்டம். மூன்று நாளாக அழித்து அழித்துக் கை சலித்துவிட்டது. பத்து மணிக்கு மேனேஜர் வேறு பார்க்க வருகிறார்.

"ஏப்பா வேலுசாமி, எவன்யா என் பலகையில கைய வைக்கிறது?"

"நீங்க வரைஞ்சதுன்னுல்ல நெனச்சேண்ணே," என்றார் ஆபரேட்டர்.

"பல்பு இல்ல, ஒயர் இல்ல. எந்தக் கிறுக்கன் இப்படி வரைவான்?"

அழிக்கப் போனவரின் கண்ணெதிரே, வெறும் கட்டத்தின் நடுவில் சிவப்பு எரிந்தது.

சிவப்பைக் கண்டால் மெயின் வால்வை அடைப்பது வேலுசாமிக்குக் கைப்பழக்கம். அடைத்தார்.

காலடியில், தரைக்குக் கீழே எங்கோ தண்ணீர் விழும் சத்தம் நின்றது. நின்ற பிறகுதான், மூன்று நாளாக அது கேட்டுக்கொண்டே இருந்தது இருவருக்கும் உறைத்தது.