விருந்து வைத்த சேதி

"ஆறு மாசமா எங்கே போனீங்க, எவரிஸ்தோ? பரிசோதனை முடிவை நானேதான் போன்ல சொன்னேன். தேதியும் குறிச்சுக் கொடுத்தேன். நம்ம ஜனங்களுக்கு உடம்பு மேல அக்கறையே கிடையாது!"

கலிபோர்னியாவின் அந்தச் சின்ன மருத்துவமனையில் நர்ஸ் மாரிபெல் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளினாள். திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்த எவரிஸ்தோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்திருந்தார். அவர் கழுத்துக் கட்டி இப்போது எலுமிச்சை அளவுக்கு வளர்ந்திருந்தது.

மனைவி நெரெய்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"வாயை அளந்து பேசும்மா! கட்டியில சதை எடுத்த நாள்லேர்ந்து இந்த மனுஷன் பயத்துல தூங்கவே இல்லை. நீ போன் பண்ணின பிறகுதான் அவர் முகத்துல சிரிப்பையே பார்த்தேன். ஆடு அடிச்சு தெருவுக்கே விருந்து வெச்சோம். ஒண்ணும் இல்லைன்னு ஆன ஆளு எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும்?"

"விருந்தா? நான் என்ன சொன்னேன்?"

"முடிவு 'பாசிட்டிவ்'னு சொன்னே. பாசிட்டிவ்னா நல்லதுதானே?"

மாரிபெல்லின் முகம் வெளிறியது.

"என்னம்மா முழிக்கிறே? எங்க பாஷையிலதான் சொன்னே. புரிஞ்சுதான்னு கேட்டியா?"

மாரிபெல் நாற்காலியை இழுத்து எவரிஸ்தோவின் எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, அது புற்றுநோய்க் கட்டி. வைத்தியத்தை இன்னிக்கே ஆரம்பிக்கணும். இப்ப நான் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

எவரிஸ்தோவின் கை கழுத்துக் கட்டியைத் தொட்டது.

"புத்துநோய்," என்றாள் நெரெய்தா. "இந்த ஒரு வார்த்தையை அன்னிக்கே சொல்றதுக்கு உனக்கு என்னடி கேடு?"