பிடிமண்

தேனிப் பக்கம் வாழையெல்லாம் வாடல் நோயில் சாய்ந்தபோது, வேலுத்தாயின் தோட்டம் மட்டும் நின்றது. அவளுடைய புது ரகக் கன்றின் வேர், நோயை அண்டவிடாத நுண்ணுயிர்களைத் தேடித் தேடித் தன் மண்ணில் சேர்த்துக்கொள்ளும். அந்த மண் ஒரு பிடி வெளியே போனாலும், கன்று கொடுத்த கம்பெனி மொத்தத் தோட்டத்தையும் வெட்டிவிடும். அதனால் யார் வந்தாலும் காலைக் கழுவவைத்துத்தான் வெளியே அனுப்புவாள்.

மகளைப் பெண் கேட்டு வந்த ஒச்சம்மாள் நகை, பாத்திரம் என்று எதுவுமே கேட்கவில்லை. அதுவே வேலுத்தாயை உறுத்தியது. கிளம்பும்போதுதான் ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"பொண்ணோட உங்க தோட்டத்து அம்மனும் எங்க வீட்டுக்கு வரட்டும் மதினி. ஒரு பிடிமண்ணு மட்டும் எடுத்துக் குடுங்க."

இதற்குத்தானா இத்தனை குழைவு என்று நினைத்துக்கொண்டாள் வேலுத்தாய். அம்மன் காலடி மண்ணை அள்ளிவந்து, அடுப்படியில் இரும்புச் சட்டியில் கொட்டி, ஓர் உயிர்கூட மிஞ்சாதபடி வறுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள்.

வெளியே மூன்று நாளாக அடைமழை. ஒச்சம்மாள் முடிச்சை இரண்டு கையாலும் வாங்கினாள். வேலுத்தாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மண்ணு இந்தச் சூடு சுடுதே மதினி," என்று முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள் ஒச்சம்மாள். "அம்மன் உசுரோடதான் வர்றா."