பனிக்குப் பயந்தவன்

விடியற்காலையில் வளர்மதியின் கண்ணிமையில் ஒரு சொட்டு விழுந்தது. தலைக்கு மேல் கூடாரத் துணி முழுக்க நீர் கோத்து நின்றது. விரல் பட்டதும் சரசரவென்று உருண்டு இறங்கியது. படுக்கையும் மாற்றுடையும் சொதசொதவென்று நனைந்திருந்தன. இன்னும் இரண்டு நாள் மலை ஏற வேண்டும்.

"ஒழுகுற கூடாரத்தை நம்ம தலையில கட்டிட்டான்," என்று அவள் கணவன் தனசேகர் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே எழுந்தான்.

வெளியே எட்டிப் பார்த்தாள். மழை பெய்த சுவடே இல்லை. உள்ளே, காற்றுக்காக அவள் திறந்து வைத்திருந்த வலை ஜன்னலை அவனுடைய கம்பளி மஃப்ளர் அடைத்திருந்தது.

"அதை மூடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வெளியே போக வழியில்லாம, நாம விட்ட மூச்சுதாங்க இப்படித் தண்ணியா நிக்குது."

"பனி தலையில இறங்குனா ஜன்னி வந்துடும், தெரியுமா? என் மூச்சு இவ்வளவு வராது. நீதான் விடிய விடிய புஸ்ஸு புஸ்ஸுன்னு விட்டே."

வளர்மதி மஃப்ளரைப் பிடுங்கி, அதாலேயே கூடாரத் துணியில் நின்ற கடைசிச் சொட்டு வரைக்கும் துடைத்தாள். அதைப் பிழியவில்லை. மண்டியிட்டு நகர்ந்து வந்து, அவன் காது இரண்டும் மூடும்படி சுற்றி, தாடைக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"பனி இறங்கிடப் போகுது," என்றாள்.