ஏழாவது டிராக்

பத்தொன்பது நிமிட இசை முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மேடையில் நின்ற இசையமைப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

உண்மையில் அவர் துடைத்தது பயத்தில் வழிந்த வியர்வையை. கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அவர் அடுக்கியது முப்பத்திரண்டு டிராக், அதாவது முப்பத்திரண்டு தனித்தனி ஒலிப்பதிவு. குறைந்த ஒலிகளை வைத்தே இசையமைக்க வேண்டிய சிக்கன இசைப் போட்டிக்கு முப்பத்திரண்டா என்று கேட்கக் கூடாது. அவருக்குத் தெரிந்த சிக்கனம் அவ்வளவுதான். ஆனால் ஸ்பீக்கரில் வந்ததோ ஒன்றே ஒன்று, ஏழாவது டிராக். சிந்தசைசரில் நாலே சுரம், திரும்பத் திரும்ப.

அதை வாசித்தது அவருடைய மனைவி. அந்த நாலு சுரத்தைக் கம்ப்யூட்டரே சுற்றிச் சுற்றி வாசித்தால் உயிரில்லை என்று, பத்தொன்பது நிமிடமும் அவளைக் கையாலேயே வாசிக்க வைத்தார். இரண்டு நாள் அவளால் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தூக்க முடியவில்லை. அப்புறம் அதன் சத்தத்தைக் குறைத்து, மற்ற முப்பத்தொன்றுக்கும் அடியில் போட்டுப் புதைத்துவிட்டார்.

போட்டி விண்ணப்பத்தில் தன் பெயரையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அவள் கேட்டாள். கல்யாணமான எட்டு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

"நாலு கட்டையத் தட்டினதுக்கெல்லாம் பேரா? அப்ப கரண்டு குடுத்தவனுக்கும்தான் போடணும்" என்று சிரித்தார். அந்த டிராக்கைத் தூக்கிப் போட்டால்கூட யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் சொன்னார்.

கடைசித் தேதியன்று அவருக்கு நெருப்பாகக் காய்ச்சல். படுத்த இடத்திலிருந்தே, பாட்டை ஒரே ஃபைலாக்கி அனுப்பிவிடும்படி மனைவியிடம் சொன்னார். இத்தனை வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு, எந்தப் பொத்தான் எதற்கு என்று அவரைவிட நன்றாகத் தெரியும்.

நடந்தது என்னவென்று மேடையில் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு டிராக்கில் 'சோலோ' பொத்தானை அமுக்கினால் அது மட்டும் கேட்கும், மற்றதெல்லாம் ஊமையாகிவிடும். அவசரத்தில் கை பட்டிருக்கிறது, பாவி கெடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, சபையில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் நடுவர் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். மற்ற வாத்தியம் எல்லாவற்றையும் வேண்டாம் என்று விடுகிற துணிச்சலைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். முதல் பரிசுக் கேடயத்தை இசையமைப்பாளரின் கையில் கொடுத்துவிட்டு, இயந்திரம் எதுவும் இப்படி வாசிக்காது, வாசித்தது யார் என்று கேட்டார்.

மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"நானேதான் வாசிச்சேன்" என்றார். கையோடு, குறைக்கக் குறைக்கத்தான் இசை என்று ஒரு தத்துவத்தையும் அவிழ்த்துவிட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது காரை அவள்தான் ஓட்டினாள். அவர் கேடயத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

"நீ தெரியாம அமுக்கினதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத" என்றார்.

சிக்னலில் கார் நின்றது. அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"தெரிஞ்சுதாங்க அமுக்கினேன். அத மட்டும் கேட்டா எல்லாரும் உங்களப் பார்த்துச் சிரிப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். "அது ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு நீங்க சொன்னத நம்பித் தொலைச்சுட்டேன்."