இஞ்சின் அணையாத டாக்சி

கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து நகுலன் யாரிடமும் பேசுவதில்லை. வார்த்தைகளை மேலேயிருந்து கீழே தூவுவான். மலாக்காவின் செங் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் அச்சு செய்யும் அந்தக் கம்பெனி ஆபீசில், அவன் எழுதிய புரோகிராம் வழியாகத்தான் எல்லாருக்கும் மெயில் வரும். அதனால் எல்லாரும் அண்ணாந்தே பார்த்தார்கள்.

முதலாளி மரியதாசன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது, நகுலன் தன் மெயிலில் ஏதோ ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தான். அது வந்து சேருமுன் திரையைச் சட்டென்று மூடிவிட்டு எழுந்தான்.

"ஆள் யாருன்னு தெரிஞ்சிருச்சு பாஸ். நம்ம அச்சுப் படமெல்லாம் பாயா ரும்புட்ல இருக்கற போட்டிக் கம்பெனிக்குப் போனது வேணி மெஷின்லேருந்துதான்."

ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதும் கிருஷ்ணவேணி நாற்காலியை விட்டு எழுந்தாள். அந்த ஒரு மெயிலை நேற்றே அழித்துத் தொலைத்திருக்கக் கூடாதா? இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

"நான் அனுப்பல பாஸ்..."

"பத்துப் பேரும் ஒரே லைனத்தானே யூஸ் பண்றீங்க, மாறிப் போயிருக்காதா?" என்றார் மரியதாசன். எஸ்டேட் லோரி ஓட்டி முதலாளியானவர்.

நகுலன் உதட்டைச் சுழித்தான். "தெங்கேரா டாக்சி ஸ்டாண்டு மாதிரி நெனச்சிக்குங்க. ஆளுக்கு ஆள் புது டாக்சி கூப்பிட்டா விடிஞ்சிரும். லைனுதான் காரு, நாலு கார் இஞ்சின அணைக்காம நிக்கும். ஒருத்தர் எறங்குனா அதே காருல அடுத்தவர் ஏறிக்கலாம். பத்துப் பேர் ஒன்னா வந்தாலும் ஓடும். மலாக்காவுல இத எழுத வேற எவனுக்கு வரும்?"

"முன்னாடி போனவன் காருல பைய மறந்து வுட்டுட்டா?"

"ஒவ்வொரு தடவையும் சீட்டத் தட்டிப் பார்க்கச் சொல்றீங்களா? டைம் வேஸ்ட் பாஸ். கம்ப்யூட்டர்லா இது, உங்க பழைய லோரி இல்ல." வேணியின் பக்கம் திரும்பினான். "மடியில ஒன்னுமில்லேன்னா மெயிலத் தொறந்து காட்டட்டுமே."

"தொறம்மா," என்றார் முதலாளி.

வேணி தன் மெயிலைத் தட்டினாள். பக்கம் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

மரியதாசன் குனிந்து பார்த்தார். "பாயா ரும்புட்காரன் எழுதியிருக்கான். படம் கெடைச்சதாம்."

"நான் சொல்லல?" ஏர்கோனுக்குக் கீழே நின்றபடியே நகுலன் சிரித்தான். வந்து எட்டிப் பார்க்கும் சிரமத்தைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. "போலீசக் கூப்பிடலாம் பாஸ். இந்த மாதிரி ஆளுங்கள எல்லாம் ஆபீசுல வெச்சிருந்ததே தப்பு."

வேணி திகைத்துப் போனாள். அவள் மறைக்க நினைத்தது சிங்கப்பூர் வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தை. அது இந்தப் பக்கத்தில் எங்கேயுமே இல்லை.

மரியதாசன் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு பக்கத்தின் உச்சிக்குப் போனார். நிதானமாகப் படித்தார்.

"போலீசக் கூப்பிடு தம்பி. நான் உள்ள வந்ததும் உன் டாக்சியில ஒருத்தன் அவசரமா பைய வுட்டுட்டு எறங்கியிருக்கான். 'வெல்கம் நகுலன்'னு பை மேலயே எழுதியிருக்கு."